செல்ஃப் எத்தனை வோல்ட்?

பழைய ராணுவ லாரியைப் பார்த்தவுடன் "இது எத்தனை வோல்ட் வண்டி?" என்று கேட்பார்கள். வண்டி என்றால் அதற்கு ஒரு வோல்ட்டேஜ்தானே இருக்கும் என்கிற நம்பிக்கையில் வருகிற கேள்வி. வீட்டுக் காருக்கு அது சரி. ஐம்பது அறுபது வருஷம் பல கை மாறி, ஒவ்வொருவரும் தன் வசதிக்கு வயரை வெட்டி ஒட்டிய லாரிக்கு அது பொருந்தாது. விளக்கு ஒரு வோல்ட்டில் எரியும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் வேறொரு வோல்ட்டைத் தள்ளும், எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒன்றுக்காகக் கட்டப்பட்டிருக்கும். ஆனாலும் வண்டி கிளம்பும். கிளம்புவதால்தான் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

நண்பர் ஒருவரிடம் டாட்ஜ் எம்-37 இருக்கிறது. 1951-லிருந்து 1968 வரை அமெரிக்க ராணுவத்துக்காகத் தயாரான முக்கால் டன் லாரி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய வகை. கொள்ளளவு ஏறக்குறைய 3.8 லிட்டர். தொழிற்சாலையை விட்டு வந்தபோது இது 24 வோல்ட் வண்டி. நண்பர் கைக்கு வந்தபோது பேட்டரிப் பெட்டியில் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி, எஞ்சின் பக்கத்தில் ஏதோ சாதாரணக் காரின் ஆல்டர்னேட்டர், முகப்பு விளக்கில் 12 வோல்ட் பல்பு. முன்னால் வைத்திருந்தவர் யாரோ 12-க்கு மாற்றியிருக்கிறார். நன்றாகவே மாற்றியிருக்கிறார், குறை சொல்ல முடியாது.

நண்பருக்கு அது போதவில்லை. வண்டியை 24-க்கே திருப்ப வேண்டும் என்று கிளம்பிவிட்டார். 24 வோல்ட் டைனமோ, ரெகுலேட்டர், நீர் புகாத உறையோடு டிஸ்ட்ரிப்யூட்டர், பல்புகள் எல்லாம் சேர்த்துப் பெட்டி பெட்டியாக வைத்திருந்தார். "எல்லாம் இருக்கு தம்பி. செல்ஃப் மட்டும் வாங்கல. அது வண்டியோட வந்த பழைய செல்ஃப்தானே, 24 தாங்கும்" என்றார்.

"அது வண்டியோட வந்ததுன்னு எப்படிண்ணே தெரியும்?" என்றேன்.

"பெயிண்டைப் பாரு, அதே பச்சை."

பெயிண்ட் அடிக்க ஒரு டப்பா போதும். இந்தக் கட்டுரை அந்தப் பச்சைக்குக் கீழே என்ன இருந்தது என்பதைப் பற்றியது.

முதலில், தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட்டுக்குக் கட்டிய மோட்டாருக்கு 24 கொடுத்தால், சுற்ற ஆரம்பிக்கிற அந்த நொடியில் இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கப் பார்க்கும். வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறுவதால் நான்கு மடங்கு. அதே மோட்டார் 6 வோல்ட்டுக்கானதாக இருந்தால் நான்கு மடங்கு கரண்ட், பதினாறு மடங்கு வெப்பம். பேட்டரியின் உள்தடையும் கேபிளும் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். 6 வோல்ட் செல்ஃபை 12-ல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. சட்டென்று பிடிக்கிற எஞ்சினாக இருந்தால் வருஷக்கணக்கில் ஓடுகிறது. பெண்டிக்ஸ் வகை, அதாவது சுற்றுகிற வேகத்திலேயே பல் தானாக முன்னே பாய்கிற வகை என்றால், பல் ஒவ்வொரு முறையும் சுத்தியலால் அடித்த மாதிரி ஃபிளைவீலில் போய் மோதும். ஸ்பிரிங் முறியும், மூக்கு உறையில் விரிசல் விடும். ஆனாலும் பிழைப்பு ஓடும். 6 வோல்ட் செல்ஃபுக்கு 24 கொடுப்பது வேறு கதை. அதில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

எம்-37-இல் 6 வோல்ட் செல்ஃப் வர வழி உண்டா என்று கேட்கலாம். தாராளமாக உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க ராணுவச் சக்கர வண்டிகளில் பெரும்பான்மை 6 வோல்ட். வில்லிஸ் ஜீப், 5 லட்சத்துக்கும் மேல் தயாரான ஜி.எம்.சி.யின் இரண்டரை டன் ஆறு சக்கர லாரி, எம்-37-க்கு முந்தைய தலைமுறையான டாட்ஜ் டபிள்யூ.சி. வரிசை எல்லாமே அப்படித்தான். ரேடியோ ஏற்றிய சில வண்டிகளுக்கு மட்டும் 12. போர் முடிந்து புது வரிசை வந்தபோது எல்லாவற்றையும் 24-க்குக் கொண்டுவந்தார்கள். எம்-38 ஜீப், எம்-37, எம்-35 இரண்டரை டன் எல்லாம் அந்த வரிசை. டாங்கிகளில் ஏற்கெனவே 24 இருந்தது; ரேடியோவும் பெருகிவிட்டது. எல்லா வண்டியும் ஒரே வோல்ட்டேஜில் இருந்தால் ஒன்று படுத்தால் இன்னொன்றிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பலாம்.

இன்னொரு காரணம் கணக்கு. 1200 வாட் வேண்டும் என்றால் 6 வோல்ட்டில் 200 ஆம்பியர் ஓட வேண்டும், 24-ல் 50 போதும். அதே தடிமன் கேபிளில் வீணாகிற வெப்பம் பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. குளிரில் உறைந்த எண்ணெயைக் கிழித்துக்கொண்டு எஞ்சினைச் சுற்ற வேண்டிய இடத்தில் இந்த வித்தியாசம்தான் வண்டி கிளம்புமா இல்லையா என்று தீர்மானிக்கும்.

எம்-37-இன் எஞ்சின் ஒன்றும் வானத்திலிருந்து குதித்ததல்ல. போர்க்கால டாட்ஜ் லாரி, போருக்குப் பிந்தைய சாதாரண டாட்ஜ் கார், லாரி இவற்றில் இருந்த அதே குடும்பம். அந்தக் குடும்பத்தில் 6 வோல்ட் செல்ஃபும் உண்டு, 1950-களின் நடுவில் கார்கள் 12-க்கு மாறியபோது வந்த 12 வோல்ட் செல்ஃபும் உண்டு. பல் எண்ணிக்கையும் போல்ட் இடமும் ஒத்துப்போனால் எதை வேண்டுமானாலும் மாட்டிவிடலாம். மூன்றையும் வரிசையாக வைத்துப் பச்சை அடித்துவிட்டால் எது எதுவென்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

தகடு இருந்தால் இத்தனை பேச்சு வேண்டாம். செல்ஃபின் உடம்பில் ஒரு சின்னத் தகடு ரிவெட் அடித்திருக்கும். அதில் மாடல் எண் இருக்கும், சிலவற்றில் வோல்ட்டும் இருக்கும். ஜெர்மன் வண்டிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பழைய பாஷ் செல்ஃபில் 'பி.என்.ஜி. 4/24' என்கிற மாதிரி எழுதியிருக்கும். 4 குதிரைத்திறன், 24 வோல்ட், முடிந்தது. எங்கள் செல்ஃபில் தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைகள் மட்டும் இருந்தன. தகடு போனது விபத்தா, யாராவது வேண்டுமென்றே கழற்றினார்களா, தெரியாது. தகடு இருந்தாலும் அதை நான் பாதிதான் நம்புவேன். அது சொல்வது தொழிற்சாலையில் என்ன கட்டினார்கள் என்பதை. அதற்குப் பிறகு காயில் மாற்றிக் கட்டியவர் தகட்டைத் திருத்தி எழுதுவதில்லை.

சரி, வண்டியில் வேறு தடயம் இருக்கிறதா என்று பார்த்தோம். பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஒவ்வொன்றும் எதைப் பற்றிச் சாட்சி சொல்கிறது என்பதில் கவனம் வேண்டும். பல்பு பல்பைப் பற்றித்தான் சொல்லும். பின் விளக்கில் 1154 என்று போட்டிருந்தால் 6 வோல்ட், 1157 என்றால் 12. முகப்பில் 4811 என்கிற மூடிய விளக்கு இருந்தால் 24. பல்பை மாற்ற ஐந்து நிமிஷம் ஆகாது, ஆகவே அது கடைசியாக வண்டியைத் தொட்டவரின் சாட்சி. டைனமோவில் எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்துக் குழம்புகிறவர்களும் உண்டு. ராணுவ டைனமோவில் 28 வோல்ட், 25 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 28 என்றொரு தனி முறை கிடையாது. அது சார்ஜ் ஏற்றும் வோல்ட்டேஜ். 28 என்றால் 24 வண்டி, 14 என்றால் 12 வண்டி, 7 சொச்சம் என்றால் 6.

வயர்களில் சின்ன உலோகப் பட்டை சுற்றி அதில் எண் அடித்திருந்தால், இணைப்புகள் ரப்பர் உறைக்குள் இருந்தால், அது போருக்குப் பிந்தைய 24 வோல்ட் வரிசையின் அடையாளம். பக்கவாட்டில் மற்ற வண்டியிலிருந்து மின்சாரம் வாங்குகிற தடித்த இரட்டைத் துளைச் சாக்கெட் இருந்தாலும் அப்படியே. எங்கள் வண்டியில் பட்டை வயர் பாதி மிச்சம் இருந்தது. வண்டி 24-ஆகப் பிறந்தது என்பதற்கு அது சாட்சி. பிறந்தது எங்களுக்கு முன்பே தெரியும். இதற்கு நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: 12-க்கு மாற்றிய வண்டியில் அந்தச் சாக்கெட்டைக் கழற்றாமல் விட்டிருந்தால், இன்றைக்கே அதன் மேல் ஒரு எச்சரிக்கை எழுதி ஒட்டுங்கள். உதவி செய்ய வருகிற நல்ல மனிதர் ஒருவர் 24 வோல்ட்டைக் கொண்டுவந்து செருகுவார், உள்ளே இருக்கிற அத்தனை பல்பும் போகும்.

பேட்டரியை எண்ணுவதும் ஏமாற்றும். இரண்டு 12 வோல்ட் பேட்டரி இருந்தால் 24 என்று சொல்லிவிடுவார்கள். ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸுக்குப் போனால்தான் 24. பிளஸும் பிளஸும் சேர்ந்திருந்தால் அது கொள்ளளவு கூடிய 12. இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. பழைய கனரக லாரிகள் சிலவற்றில் சீரிஸ்-பாரலல் சுவிட்ச் இருக்கும். சாதாரண நேரத்தில் இரண்டு பேட்டரியும் பக்கம் பக்கமாக 12-ல் இருக்கும். செல்ஃப் போடுகிற நேரத்துக்கு மட்டும் சுவிட்ச் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து 24 கொடுக்கும். மீட்டரை வைத்துப் பார்த்தால் 12.6 காட்டும், விளக்கு 12, ஆல்டர்னேட்டர் 14, ஆனால் செல்ஃப் 24.

1980-களில் அமெரிக்க ராணுவம் வாங்கிய ஷெவர்லே டீசல் பிக்கப்புகளில் ஒரே வண்டிக்குள் இரண்டு வோல்ட்டேஜ் ஓடும். சி.யு.சி.வி. என்று சொல்வார்கள். விளக்கு, ஹாரன் எல்லாம் 12, செல்ஃப் 24, இரண்டு ஆல்டர்னேட்டர். டீசலைச் சூடாக்குகிற குளோ பிளக் 12 வோல்ட் வகை, அதற்கு 24-லிருந்து ஒரு ரெசிஸ்டரைப் போட்டு இறக்கிக் கொடுத்திருப்பார்கள். அந்த வண்டிக்காரரிடம் "எத்தனை வோல்ட்?" என்று கேட்டால் பதிலுக்கு அவர் உங்களைத்தான் பார்ப்பார்.

ஆகவே செல்ஃபிடமே கேட்பது என்று முடிவாயிற்று.

நவீன வண்டியாக இருந்தால் ஒரு சுலப வழி உண்டு. செல்ஃப் தலையில் இருக்கிற சொலினாய்டின், அதாவது மின்காந்த சுவிட்சின், காயிலைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்கலாம். அதே வேலையைச் செய்கிற 24 வோல்ட் காயிலின் தடை 12-ஐப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு இருக்கும். சொலினாய்டைத் தனியாக மாற்ற முடியும் என்பதால் அதுவும் உறுதியில்லை, ஆனால் ஆரம்பிக்க நல்ல இடம். எம்-37-இல் அந்த வழி அடைத்திருக்கிறது. தரையில் ஒரு பெடல். காலால் அழுத்தினால் சுவிட்ச் மூடும். அளக்க ஒரு காயிலும் இல்லை.

முதல் வேலையாக, செல்ஃபைக் கழற்றாமலே வண்டியில் வைத்து அளந்தோம். எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க இக்னிஷன் இணைப்பை எடுத்துவிட்டு, செல்ஃபின் போல்ட் முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்து நண்பரைப் பெடலை மிதிக்கச் சொன்னேன். பேட்டரி முனையில் அளப்பது பேட்டரியைப் பற்றிச் சொல்லும். செல்ஃபுக்கு என்ன போய்ச் சேருகிறது என்பது செல்ஃபில் அளந்தால்தான் தெரியும். கரண்ட் பார்க்க ஒரு கிளாம்ப் மீட்டர். டி.சி. அளக்கிற வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏ.சி. மட்டும் அளக்கிற மலிவு வகை, கேபிளில் 300 ஆம்பியர் ஓடினாலும் சைபர் காட்டும்.

சும்மா இருக்கையில் 12.6. மிதித்தபோது பேட்டரியில் 10.5, செல்ஃபில் 10 சொச்சம். அந்த அரை வோல்ட் வித்தியாசம் கேபிளிலும் எர்த்திலும் போகிறது. 12 வோல்ட் வண்டிக்கு அது எல்லையில் நிற்கிற அளவு. கரண்ட் 200-ஐ ஒட்டி. எஞ்சின் நல்ல வேகத்தில், தடுமாற்றம் இல்லாமல் சுற்றியது.

"நல்லாத்தானே சுத்துது, 12-தான்" என்றார் நண்பர். சற்று முன் 24 என்று சொன்னவரும் அவர்தான்.

நன்றாகச் சுற்றுவது எதையும் நிரூபிக்கவில்லை. இந்த எஞ்சினின் அமுக்கம் குறைவு. எண்ணெய் சூடாக இருக்கும்போது 24 வோல்ட் செல்ஃபே 12-ல் சோம்பலாகச் சுற்றிக் கிளப்பிவிடும். 6 வோல்ட் செல்ஃப் 12-ல் இன்னும் உற்சாகமாகச் சுற்றும். "நன்றாக" என்பது இரண்டுக்கும் நடுவில் எங்கே என்று காதால் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் காது இல்லை.

செல்ஃபை இறக்கினோம். முதலில் பேட்டரியின் எர்த் பக்கத்தைக் கழற்ற வேண்டும், இது எல்லோருக்கும் தெரிந்தது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் எர்த் என்பது எல்லோருக்கும் தெரிந்ததல்ல. "மைனஸைக் கழற்று" என்று மனப்பாடம் செய்துகொள்ளாமல், எந்த முனை உடம்புக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துக் கழற்றுவது நல்லது.

இந்தக் காலத்துச் செல்ஃபில் இல்லாத வசதி ஒன்று பழசில் உண்டு. பின்பக்கத்தில் இடுப்புப் பட்டை மாதிரி ஒரு தகரப் பட்டை சுற்றி ஒரு திருகால் இறுக்கியிருக்கும். அதைத் தளர்த்தி நகர்த்தினால் ஜன்னல் திறக்கும். சுற்றுகிற பாகமான ஆர்மேச்சரின் முனையில் இருக்கிற கம்யூட்டேட்டர் என்கிற செம்பு வளையமும், அதற்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷும், உள்ளே சுற்றாமல் நின்று காந்தமாகிற ஃபீல்டு காயிலின் முனையும் தெரியும். பட்டையின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கார்பன் தூள் கையில் கறுப்பாக ஒட்டியது, சொரசொரப்பு இல்லை. இது நல்ல செய்தி. செல்ஃப் அளவுக்கு மீறிச் சூடானால் கம்யூட்டேட்டரின் பின்னால் இருக்கிற ஈயம் உருகி, சுற்றுகிற வேகத்தில் வெளியே தெறித்து, இந்தப் பட்டையின் உட்புறத்தில் வெள்ளிப் பொட்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். பொட்டு இருந்தால் அந்தச் செல்ஃபை யாரோ அதற்குத் தகாத வோல்ட்டேஜில் ஓட்டியிருக்கிறார்கள் அல்லது பிடிக்காத எஞ்சினோடு ரொம்ப நேரம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இதில் அப்படி எதுவும் இல்லை.

ஜன்னல் வழியாக டார்ச் அடித்தால் ஃபீல்டு காயிலின் செம்பு தெரிந்தது. பட்டையான செம்பு, வட்டக் கம்பி இல்லை. 6 வோல்ட் மோட்டாரில் அகலமான தடித்த பட்டை, குறைந்த சுற்று. வோல்ட் ஏற ஏறப் பட்டை மெலியும், சுற்று கூடும். ஆனால் ஒப்பிட வேறொன்று பக்கத்தில் இல்லாமல் "இது தடிப்பா மெலிவா" என்று சொல்ல வழியில்லை. காயில் கட்டுகிற தொழிலில் இருக்கிறவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு அளவு வேண்டும்.

அளப்பதில்தான் இந்த விஷயத்தின் ருசியே இருக்கிறது. செல்ஃபின் ஃபீல்டு காயில் தடை ஓமில் ஆயிரத்தில் சில பங்கு. மல்டிமீட்டரின் ஓம் வரிசையில் வைத்தால் 0.2 என்றோ 0.3 என்றோ காட்டும். அது மீட்டர் வயரின் தடை, காயிலின் தடை அதற்குள் தொலைந்துபோகும். ஆகவே தடையை நேராக அளக்காமல், தெரிந்த ஒரு கரண்ட்டைக் காயில் வழியாக ஓடவிட்டு, காயிலின் இரண்டு முனைக்கும் நடுவில் எத்தனை மில்லிவோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டர் முனைகள் கரண்ட் போகிற கிளிப்பைத் தொடாமல் நேராகச் செம்பைத் தொட வேண்டும். கரண்ட்டுக்கு நாங்கள் பயன்படுத்தியது ஒரு 12 வோல்ட் பேட்டரியும், பக்கம் பக்கமாகச் சேர்த்த இரண்டு முகப்பு விளக்குப் பல்புகளும். 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் ஓடியது. பல்புகள் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவதால் மோட்டாருக்கு எந்த ஆபத்தும் இல்லை. பிரஷுக்கும் கம்யூட்டேட்டருக்கும் நடுவே விழுகிற வோல்ட்டேஜ் குழப்பும் என்பதால் ஆர்மேச்சரை விட்டுவிட்டு, வெளி முனையிலிருந்து உடம்பைத் தொடாத பிரஷ் வரை, அதாவது ஃபீல்டை மட்டும் அளந்தோம்.

எங்கள் செல்ஃபில் 90 மில்லிவோல்ட்டை ஒட்டி வந்தது. வகுத்தால் 10 மில்லிஓம்.

10 மில்லிஓம் என்றால் எத்தனை வோல்ட் மோட்டார்? அதற்குப் பதில் எந்த அட்டவணையிலும் தேட வேண்டியதில்லை. ஒரே அளவு உறைக்குள், அதே அளவு செம்பை வைத்து, அதே வேலையைச் செய்கிற மோட்டாரை இரண்டு மடங்கு வோல்ட்டுக்குக் கட்டினால், சுற்றுகள் இரண்டு மடங்காகும், பட்டையின் குறுக்களவு பாதியாகும். நீளம் இரட்டிப்பு, தடிமன் பாதி: தடை நான்கு மடங்கு. 6-க்கும் 12-க்கும் நடுவில் நான்கு மடங்கு, 6-க்கும் 24-க்கும் நடுவில் பதினாறு மடங்கு. இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் அளவு துல்லியமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பத்து இருபது சதவீதம் முன்னே பின்னே போனாலும் ஒன்று இன்னொன்றாகத் தெரியாது. தெரிந்த செல்ஃப் ஒன்று மட்டும் ஒப்பிடக் கிடைத்தால் போதும்.

கிடைத்தது. போர்க்கால டபிள்யூ.சி. வைத்திருப்பவர் ஒருவரிடம் தகடு ஒட்டிய, கை படாத 6 வோல்ட் செல்ஃப் ஒன்று உதிரியாக இருந்தது. இதே உருவம், இதே பருமன். அதே பேட்டரி, அதே பல்புகள். ஃபீல்டில் விழுந்தது 23 மில்லிவோல்ட்.

நான்கு மடங்கு வித்தியாசம். எங்களுடையது 12.

நண்பர் உடனே எழுந்துவிட்டார். அவரை உட்கார வைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒரு ஓட்டை பாக்கி. பழைய 6 வோல்ட் செல்ஃபை 12-க்கு மாற்றுகிறவர்கள் முழுசாகக் கட்டுவதில்லை. நான்கு ஃபீல்டு காயில்கள் இரண்டு இரண்டாகப் பிரிந்து பக்கம் பக்கமாக இணைந்திருக்கும். அதைப் பிரித்து நான்கையும் ஒரே வரிசையில் கோத்துவிடுவார்கள். இரண்டு கிளைகள் பக்கம் பக்கமாக இருந்தது ஒரே வரிசையானால் தடை எத்தனை மடங்காகும்? அதே நான்கு. ஆர்மேச்சர் மட்டும் 6 வோல்ட்டாகவே இருக்கும். அப்படிப்பட்ட செல்ஃப் எங்கள் அளவையில் அச்சு அசலாக 12 மாதிரியே நிற்கும்.

ஆகவே ஆர்மேச்சரைத் தனியாகக் கேட்க வேண்டும். செல்ஃபைத் தடித்த வைஸில் இறுக்கிப் பிடித்து, 6 வோல்ட் பேட்டரியை மட்டும் கொடுத்து, பளு இல்லாமல் எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று பார்ப்பது. இதில் ஒரு எச்சரிக்கை. செல்ஃப் சீரிஸ் வகை மோட்டார், ஃபீல்டும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் கோத்தது. பளு இல்லையென்றால் வேகத்துக்கு அதனிடம் சொந்தக் கடிவாளம் கிடையாது. கொடுக்கிற வோல்ட்டேஜுக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும், கடைசியில் ஆர்மேச்சரின் செம்பு தன் குழியை விட்டு வெளியே பறக்கும். அதனால் எப்போதும் கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும், சில விநாடிகளுக்கு மேல் ஓட்டக் கூடாது. தெரியாத செல்ஃபுக்கு எடுத்த எடுப்பில் 24 கொடுத்துச் சோதிக்கிறவரைப் பார்த்தால் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

6 வோல்ட்டில் டபிள்யூ.சி.யின் செல்ஃப் கிறீச்சென்று கத்தியது. எங்களுடையது அதே பேட்டரியில் நிதானமாக, ஏறக்குறைய பாதி வேகத்தில் சுற்றியது. வேகம் அளக்கிற மீட்டரை அச்சில் காட்டிப் பார்த்தோம், பாதிக்கும் கொஞ்சம் கீழே. ஃபீல்டு மட்டும் மாறி ஆர்மேச்சர் பழசாக இருந்தால் இவ்வளவு அடங்கியிருக்காது. பட்டையை நகர்த்திப் பார்த்ததில் காயில் இணைப்புகளிலும் புதுசாக ஈயம் வைத்த தடயம் இல்லை. ஒன்றையொன்று சார்ந்திராத இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொன்ன பிறகுதான் எனக்குத் திருப்தி.

அதற்குப் பிறகு, வண்டியில் பார்த்த 200 ஆம்பியருக்குத் திரும்பிப் போய் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதே உருவில் 24 வோல்ட் செல்ஃப் என்றால் ஃபீல்டு 40 மில்லிஓம். ஆர்மேச்சரும் அதே அளவு என்று வைத்தால் மொத்தம் 80. அதற்கு 12 வோல்ட் கொடுத்து அச்சு அசையாமல் பிடித்துக்கொண்டாலும் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்க முடியாது. நாங்கள் பார்த்தது 200, அதுவும் சுற்றிக்கொண்டிருக்கும்போது. 24-ஆக இருக்க வாய்ப்பே இல்லை என்பதை வண்டி அன்றைக்கே சொல்லியிருக்கிறது. அதைப் படிக்கத் தேவையான எண்தான் அப்போது கையில் இல்லை.

ஆக, அது வண்டியோடு பிறந்த செல்ஃப் அல்ல. 12-க்கு மாற்றியவர் ஒரு சாதாரண டாட்ஜின் 12 வோல்ட் செல்ஃபைத் தேடி மாட்டி, அதற்குப் பச்சையும் அடித்திருக்கிறார். மனிதர் யோக்கியமாகத்தான் வேலை பார்த்திருக்கிறார்.

நண்பர் விடவில்லை. "அப்போ ஒண்ணு செய்யலாமா? ரெண்டு பேட்டரி வெச்சு 24 ஆக்கிடுவோம். செல்ஃபுக்கு மட்டும் கீழ் பேட்டரியிலேர்ந்து 12 எடுத்துக்கலாம்."

செய்யலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. செல்ஃப் போடுகிற ஒவ்வொரு தடவையும் கீழ் பேட்டரி மட்டும் இறங்கும். டைனமோவோ இரண்டையும் சேர்த்து 28 என்றுதான் பார்க்கிறது; இறங்கிய பேட்டரிக்கும் இறங்காத பேட்டரிக்கும் அது ஒரே கரண்ட்டைத்தான் அனுப்பும். கீழது நிரம்புவதற்குள் மேலது கொதித்துத் தண்ணீரை இழக்கும். இரண்டையும் சமப்படுத்துகிற ஒரு கருவி வைத்தால் தீரும். ஆனால் வண்டியை ஆதியில் இருந்தபடி ஆக்க வேண்டும் என்று புறப்பட்டவர், ஆதியில் இல்லாத ஒரு மின்னணுப் பெட்டியை அதற்காகவே சேர்ப்பதில் என்ன அர்த்தம்? சி.யு.சி.வி.யில் இரண்டு வோல்ட்டேஜ் ஓடுகிறதே என்றால், அங்கே இரண்டு ஆல்டர்னேட்டர் வைத்து அதற்கென்றே வடிவமைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி, இருக்கிற 12 வோல்ட் செல்ஃபுக்கு 24 கொடுத்துப் பார்ப்பது. சட்டென்று பிடிக்கிற எஞ்சின் என்பதால் கொஞ்ச நாள் ஓடும். குளிர்ந்த எஞ்சின் பிடிக்காமல் முரண்டு பிடிக்கிற ஒரு காலையில், பெடலில் வைத்த காலை எடுக்க மனம் வராது. பட்டையின் உட்பக்கத்தில் வெள்ளிப் பொட்டு விழுகிற நாள் அது.

நண்பர் ஒரு 24 வோல்ட் செல்ஃப் தேடிக்கொண்டிருக்கிறார். எது கிடைத்தாலும் மாட்டுவதற்கு முன் பல்பு இரண்டையும் கட்டி ஃபீல்டை அளக்கச் சொல்லியிருக்கிறேன். 350 மில்லிவோல்ட்டை ஒட்டி வர வேண்டும், 90 வந்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை வண்டி 12-ல்தான் ஓடும். இறக்கியதை மாட்டும்போது எர்த் பட்டையின் இரண்டு முனையையும் செம்பு தெரியத் தேய்த்து இறுக்கினோம். கேபிளில் தொலைந்துகொண்டிருந்த அரை வோல்ட் 0.2-க்கு வந்துவிட்டது. செல்ஃபின் உடம்பில், தகடு இருந்த இடத்தில், அழியாத வெள்ளைப் பெயிண்டில் 12 என்று எழுதினோம். பக்கத்திலேயே மாதமும் வருஷமும் எழுதச் சொன்னேன். இனி இதை வாங்குகிறவர், எழுதியதற்குப் பிறகு யாராவது காயிலில் கை வைத்தார்களா என்றாவது கேட்கலாம்.